டெக் மேல ஓடற குட்டி வண்டி: உங்க கேள்வி, நம்ம பழமை

போன இதழ்ல, விமானந்தாங்கிக் கப்பலோட டெக்குல பிளேனைக் கொக்கி போட்டு இழுக்கற டோ ட்ராக்டர் பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருந்தேனுங்க. அமெரிக்க கடற்படையோட எம்டி-3 வண்டி, 1/48 அளவு (நெசத்துல 48ல ஒரு பங்கு) பிளாஸ்டிக் கிட்டு, அதை எப்படிக் கட்டறதுன்னு. இந்த மாதிரி ஒரு விஷயத்துக்கு பத்துப் பதினஞ்சு லெட்டர் வந்தாலே பெருசுன்னு ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க, வந்து குமிஞ்சிருச்சு. எல்லாத்துக்கும் பக்கம் பத்தாது, அதனால ஒரே மாதிரி கேட்டதையெல்லாம் ஒன்னாச் சேத்துட்டேன். நேரா கேள்விக்குப் போயிரலாம்.

பல்லடம், ஒரு அப்பா: என்ற பையன் எட்டாவது படிக்கறான், மாடல் கிட்டு வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறான், அதுவும் ஜெட்டுதான் வேணுமாம். நீங்க என்னடான்னா ட்ராக்டர்ல ஆரம்பிங்கன்னு எழுதிப்போட்டீங்க. ட்ராக்டர்தான் எங்கூட்டு வாசல்லயே நிக்குதுங்களே, அதைப் போய் செஞ்சு என்ன பண்றது?

உங்கூட்டு ட்ராக்டருக்கும் இதுக்கும் பேரு மட்டுந்தானுங்க ஒன்னு. இது தரையோட தரையா தட்டையா இருக்கற வண்டி, டிரைவர் ஏறி உக்காந்தா அவரு தலைதான் வண்டியிலயே உசரம், ஏன்னா பிளேனோட மூக்குக்கு அடியிலயும் ரெக்கைக்கு அடியிலயும் பூந்து வெளிய வரணும். சைஸுக்கு மீறின வெயிட்டு வேற. வெயிட்டு இல்லீன்னா எண்ணெயும் தண்ணியும் சிந்திக் கெடக்கற இரும்பு டெக்குல டயர் சும்மா சுத்துமே ஒழிய பின்னாடி இருக்கற பிளேன் நவுறாது. ஜெட்டுக்கு ரிவர்ஸ் கியர் கெடயாதுங்க, ஒரு கப்பல் மேல அம்பது அறுவது பிளேனை ரெக்கையை மடிச்சு ஒன்னோட ஒன்னு உரசற மாதிரி நிறுத்தி வெச்சிருக்கற இடத்துல இன்ஜினை ஓட்டிக்கிட்டு இடம் மாத்துனா பின்னால நிக்கறவன் கருகிருவான், இல்லீன்னா கடலுக்குள்ள பறந்துருவான். அதனால முக்காவாசி நேரம் இங்கிருந்து அங்க நகத்தறதுக்கு இந்த வண்டிதான். ஓட்டறவரு நீலச் சட்டை, கையக் காட்டி வழி சொல்றவரு மஞ்சச் சட்டை, பிளேனுக்குள்ள பிரேக்குல காலை வெச்சுக்கிட்டு ஒருத்தர், ரெக்கை நுனிக்கு ஒருத்தர் விசிலோட. எவ்ளோ வேகம் போலாம்னா, கூட நடக்கறவங்கள்ல யாரு மெதுவா நடக்கறாரோ அவரோட வேகம், அது எழுதி வெச்ச ரூலு.

கிட்டு விஷயத்துக்கு வர்றேன். ஜெட்டுல உடம்பு ரெண்டு பாதியா வரும், அந்த ஒட்டு தெரியாம தேய்க்கறதுக்குள்ள பையனுக்கு பொறுமை போயிரும், அப்புறமேலுக்கு பைலட் தலைக்கு மேல மூடற கண்ணாடி கேனோப்பி, நூத்துக்கணக்குல ஸ்டிக்கர். ட்ராக்டர்ல உருப்படி கம்மி, எல்லாம் பெட்டி பெட்டியா இருக்கும், ஆனா வெட்டறது, தேய்க்கறது, ஒட்டறது, ப்ரைமர்ங்கற அடிப்பூச்சு, கலர், டீக்கால்ங்கற தண்ணியில ஊற வெச்சு ஒட்டற ஸ்டிக்கர், அழுக்கு போடறதுன்னு ஒன்னு விடாம எல்லா வேலையும் உண்டு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உக்காந்தாலும் சீக்கிரமே முடிஞ்சுரும், முடிச்ச சந்தோசம் கெடைக்கும். ஜெட்டும் வாங்கிக் குடுங்க, வேண்டாங்கல, அதை ரெண்டாவதா பிரிக்கச் சொல்லுங்க. அப்ப அந்த ஜெட்டுக்கு முன்னாடி கட்டறதுக்கு ஒரு வண்டியும் ரெடியா இருக்கும்ல.

பொள்ளாச்சி, ஒரு வாசகி: பெட்டி மேல இருக்கற படத்துல வண்டி மஞ்சக் கலர். நெட்டுல தேடுனா வெள்ளையா இருக்கு. எது கரெக்ட்டுங்க?

ரெண்டும் கரெக்ட்டுதான் அம்மணி, எந்த வருஷத்து வண்டின்னு பாக்கணும். வியட்நாம் போர் சமயத்து போட்டோ எல்லாம் பாத்தீங்கன்னா எம்டி-3 பளிச்சுன்னு மஞ்சளா இருக்கும். இப்பத்தி கப்பல்கள்ல ஓடற வண்டி வேற, ஏ/எஸ்32ஏ-31ஏன்னு வாயில நுழையாத பேரு, மூணு சிலிண்டர் டீசல், பின்னாடி ஜோடி டயரோட மொத்தம் ஆறு சக்கரம், ஒரே ஆளு உக்கார்ற சீட்டு. அதைத்தான் வெள்ளையில எச்சாப் பாக்கலாம். நீங்க எந்த பிளேன் பக்கத்துல வெக்கப் போறீங்களோ அந்தக் காலத்து போட்டோ ஒன்னைப் பிரிண்ட் போட்டு டேபிள் மேல ஒட்டி வெச்சுக்குங்க, பெட்டிப் படத்தை நம்பாதீங்க, அது கடையில பெட்டி விக்கறதுக்கு வரைஞ்சது.

எனக்கு மஞ்சதான் புடிக்கும், ஆனா அடிக்கறதுக்கு இருக்கறதுலயே கஷ்டமான கலர் மஞ்சதான். அடியில இருக்கறது அப்படியே தெரியும். சாம்பல் ப்ரைமர் மேல மஞ்ச அடிச்சீங்கன்னா ஒரு மாதிரி பச்சை தட்டி, நாலு நாள் கெடந்த எலுமிச்சம்பழம் கணக்கா ஆயிரும், அதை மறைக்கறேன்னு மேல மேல அடிச்சா கெட்டியாகி நுணுக்கமான போல்ட்டு நட்டு எல்லாம் மூழ்கிரும். வெள்ளை ப்ரைமர் போடுங்க, இல்லீன்னா வெளிர் ரோஸ் கலர் ஒரு கை அடிச்சுட்டு அது மேல மஞ்ச போடுங்க, ரோஸ் மேல மஞ்ச நல்லா சூடா, கொழுப்பா நிக்கும். மெல்லிசா மூணு நாலு தடவை, ஒவ்வொன்னும் காஞ்சதுக்கப்புறம். மேல் தளத்துல ஆளு கால் வெக்கற இடம் சொரசொரப்பான கருஞ்சாம்பல், அதைக் கடைசியா மஞ்சளை டேப் போட்டு மறைச்சுட்டு அடிக்கணும்.

கரூர், பஸ் பாடி கட்டற பட்டறையில பெயிண்டர்: இருவது வருஷமா பஸ்ஸுக்கு பெயிண்ட் அடிக்கறேன் சார். என்ற பட்டறையில இருக்கற என்சி பட்டி, என்சி தின்னர், ஸ்ப்ரே கன்னு இதையே வெச்சு இந்த பிளாஸ்டிக் வண்டிக்கும் அடிச்சுரலாமா?

அண்ணா, உங்களுக்கு நான் பெயிண்டிங் சொல்லிக் குடுக்கறதான்னு கூச்சமா இருக்குது, பிளாஸ்டிக்கைப் பத்தி மட்டும் சொல்றேன், மீதியெல்லாம் உங்க கைக்கே தெரியும். இந்தக் கிட்டெல்லாம் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்குங்க. என்சி தின்னர் அதைக் கரைச்சுரும். பஸ்ஸு தகரத்துல தாராளமா ஊத்தற மாதிரி இதுல ஊத்துனா ஓரமெல்லாம் மழுங்கி மெழுகுவத்தி மாதிரி ஆயிரும். பட்டியும் அப்படித்தான், அதுக்குள்ளயே அந்தத் தின்னர் இருக்கு, ஒரு சந்துல கொஞ்சூண்டு மெல்லிசா இழுத்து காய வெச்சா ஒன்னுமாகாது, ரொம்பக் கெட்டியா அப்புனா அடியில பிளாஸ்டிக் இளகி, ரெண்டு வாரம் கழிச்சு அந்த இடம் உள்வாங்கி பள்ளம் விழும். மாடலுக்குன்னே விக்கற தண்ணி கலக்கற அக்ரிலிக் வாங்கிக்குங்க. மாடலுக்குன்னு லேக்கரும் வருது, அதோட தின்னர் கொஞ்சம் சாது, அப்பவும் மெல்லிசாத்தான் அடிக்கணும், ஈரமா குளிப்பாட்டக் கூடாது.

கன்னு விஷயம். உங்க ஸ்ப்ரே கன்னோட நாசில் இந்த வண்டியோட ஹெட்லைட்ட விடப் பெருசுங்கண்ணா. 0.3 மில்லிமீட்டர் நாசில் உள்ள ஏர்பிரஷ், அதாவது பேனா சைஸு குட்டி ஸ்ப்ரே கன்னு, ஒன்னு போதும். ஆனா கம்ப்ரசரு உங்க பட்டறையில இருக்கறதே ஆகும், அதுக்கு ஒரு ரெகுலேட்டரும் தண்ணி பிடிக்கற டிராப்பும் மட்டும் போட்டு பிரஷரை 15, 20 பிஎஸ்ஐக்கு இறக்கிக்குங்க. புதுசா ஆரம்பிக்கறவங்க கம்ப்ரசருக்குத்தான் காசு போட்டு நொந்து போறாங்க, உங்களுக்கு அது மிச்சம். வாட்டர் பேப்பர் தேய்க்கறதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா, 400ல ஆரம்பிச்சு 600, 1000னு தண்ணி தொட்டுத் தேச்சா போதும்.

இன்னொன்னு. கப்பல்ல அந்த ட்ராக்டரு மேல கடல் உப்பு எந்நேரமும் படியுதுங்க, துரு புடிச்ச எடத்தை மட்டும் சொரண்டி அங்கங்க டச்சப் பண்ணுவாங்க, பழைய மஞ்ச மேல புது மஞ்ச திட்டுத்திட்டா தெரியும். டச்சப் பண்ணுன எடம் எப்படித் தெரியும், எந்த ஓரம் மொதல்ல பெயிண்ட் போகும், படியில ஏறி ஏறி எப்படித் தேயும்னு உங்கள மாதிரி பாத்தவங்க யாரு இருக்காங்க. மாடல் கட்டறவங்க பாதிப் பேரு புது வண்டி கணக்கா ஒரே கலர்ல அடிச்சு முடிச்சுட்டு, அப்புறம் சம்பந்தமில்லாம துருவை வாரி எறைப்பாங்க. நீங்க அடிச்சு ஒரு போட்டோ அனுப்புங்க, கண்டிப்பா இங்க போடறேன்.

திருச்செங்கோடு, ரிக் வண்டி ஓனர்: எங்க போர்வெல் வண்டிங்க நாலு ஸ்டேட்டு மண்ணையும் சுமந்துட்டு வரும். அந்த மாதிரி செம்மண்ணு சேறு எல்லாம் மாடல் மேல தெளிச்சா இயற்கையா இருக்குமுங்களா?

ரிக் வண்டியோட மாடல் செஞ்சா சூப்பரா இருக்கும், யாராச்சும் செய்யுங்கப்பா, கம்பெனிக்காரங்க யாரும் அந்தக் கிட்டு போட மாட்டேங்கறாங்க. ஆனா இந்த வண்டிக்கு வேண்டவே வேண்டாம். கொஞ்சம் யோசிங்க, நடுக்கடல்ல செம்மண்ணு ஏதுங்க? டோ ட்ராக்டரு மண்ணையே மிதிக்காது. அது ஓடறது இரும்பு டெக்கு, அது மேல சறுக்காம இருக்கறதுக்குப் பூசின சொரசொரப்பு கோட்டிங்கு. அப்ப அது மேல என்ன அழுக்கு படியும்? ஹைட்ராலிக் ஆயில், கிரீஸ், எரிபொருள் சிந்துன கறை, டயர் தேஞ்ச கருப்புத் தூள், ஜெட் பொகை, அப்புறம் உப்புத்தண்ணி எறங்குன வழியில துரு கோடு. இதுல பழுப்பு கலர் துரு ஒன்னுதான், மத்ததெல்லாம் கருப்பும் கருஞ்சாம்பலும் எண்ணெய்ப் பளபளப்பும்.

எங்க போடறதுன்னு கேட்டா, ஆளு எங்க கைய வெப்பான் எங்க காலை வெப்பான்னு மனசுல ஓட்டிப் பாருங்க. ஸ்டியரிங் விளிம்பு, சீட்டு ஓரம், ஏறி எறங்கற பக்கம், பின்னாடி கொக்கி மாட்டற எடம், டீசல் ஊத்தற மூடியச் சுத்தி. மூடிக்குக் கீழ ஒழுகுன கறை ஒன்னு, எண்ணெய்ப் பெயிண்ட்ல ஒரு புள்ளி வெச்சு தின்னர் தொட்ட பிரஷ்ல கீழ பாத்து இழுத்துவிடுங்க, அவ்ளோதான். பழைய பாத்திரம் கழுவற ஸ்பான்ஜ் துண்டைப் பிச்சு கருஞ்சாம்பல்ல தொட்டு, பேப்பர்ல நல்லா ஒத்தி எடுத்துட்டு, ஓரத்துல லேசா தட்டுனா பெயிண்ட் உரிஞ்ச மாதிரி வரும். டயரை சுத்தக் கருப்புல அடிக்காதீங்க, கருஞ்சாம்பல்தான் டயர் கலரு. அப்புறம் டயருக்கு அடியில உப்புத்தாள்ல ரெண்டு தேய் தேச்சு தட்டையாக்கி விட்டுருங்க. அவ்ளோ கனமான வண்டி நிக்கறப்ப டயர் கொஞ்சமாச்சும் நசுங்கணும்ல, இந்த ஒரே வேலையில பிளாஸ்டிக் வண்டிக்கு வெயிட்டு வந்துரும்.

ஈரோடு, மெக்கானிக்கல் படிக்கற தம்பி: சில கிட்டுல ட்ராக்டருக்குப் பின்னால ஒரு பெரிய பெட்டியும் அதுல ஒரு தடிமனான ஓஸும் வருது சார். அது என்ன, ஏசியா?

ஏசி இல்ல கண்ணு, அது ஸ்டார்ட்டரு. ஜெட் இன்ஜினை சாவியத் திருகுன உடனே கெளப்ப முடியாது, உள்ள இருக்கற கம்ப்ரசரை வெளிய இருந்து யாராச்சும் மொதல்ல சுத்திவிடணும். அதுக்காக அந்தப் பெட்டிக்குள்ள ஒரு குட்டி கேஸ் டர்பைன் ஓடும், அது அழுத்தமான காத்தை உண்டாக்கி ஓஸ் வழியா பிளேனுக்குள்ள அனுப்பும், பிளேன்ல இருக்கற ஏர் ஸ்டார்ட்டர் அந்தக் காத்துல சுத்தி இன்ஜினைச் சுத்திவிடும், வேகம் புடிச்சதும் எரிபொருள் பத்திக்கும். இழுக்கறதுக்கும் கெளப்பறதுக்கும் ஒரே வண்டி. கப்பல்காரங்க இதை ஹஃப்பர்னு கூப்பிடுவாங்க.

இதுல ஒரு பெரிய விபத்தே நடந்துருக்கு, நீ இன்ஜினியரிங் படிக்கறதால சொல்றேன். 1969 ஜனவரி 14, ஹவாய் பக்கத்துல யுஎஸ்எஸ் என்டர்பிரைஸ் கப்பல். பேன்டம் விமானம் ஒன்னுல சூனிங்கற பேருள்ள ராக்கெட்டு தொங்கிட்டு இருக்கு, பக்கத்துல கொண்டுபோய் நிறுத்துன எம்டி-3ஏ ஹஃப்பரோட பொகைப்போக்கி சரியா அந்த ராக்கெட்டைப் பாத்து இருக்கு. அந்த சூட்டுல ராக்கெட்டு முனை வெடிச்சு, டேங்க் ஓட்டையாகி, எரிபொருள் கொட்டித் தீப்புடிச்சு, பக்கத்துல இருந்த குண்டெல்லாம் ஒன்னொன்னா வெடிச்சுது. 28 பேர் செத்துப்போனாங்க, 15 விமானம் அழிஞ்சுது. வண்டியில எந்தக் கோளாறும் இல்ல, அது செய்ய வேண்டிய வேலையத்தான் செஞ்சுட்டு இருந்துச்சு, நின்ன எடந்தான் தப்பு.

அதனால டயோரமா, அதாவது மாடலை வெச்சு ஒரு காட்சி, செய்யறப்ப குண்டு மாட்டுன பிளேனுக்குப் பக்கத்துல ஹஃப்பர் வெச்சா அந்தப் பொகைப்போக்கி எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாத்து வை, விவரம் தெரிஞ்சவன் மொதல்ல அதைத்தான் பாப்பான். பொகைப்போக்கிய வெறும் கருப்புல அடிச்சு விட்டுறாத. சூடு ஏறுன இரும்பு கொஞ்சம் பழுப்பு, கொஞ்சம் நீலம் தட்டும், வாய்கிட்ட மட்டும் புகைக்கருப்பு.

பேரு போடாத ஒரு வாசகர்: காசைக் கொட்டி பொம்மை வாங்கி உக்காந்து ஒட்டிட்டு இருக்கறது பெரிய மனுசன் பண்ற வேலையா?

ஆமாங்க.

திருப்பூர், பனியன் கம்பெனியில வேலை: ட்ராக்டர்ல ஒயரு, ஓஸு எதுவுமே கிட்டுல தரல, மொட்டையா இருக்கு. இதுக்குன்னு தனியா விக்கற செட்டு கிட்டு வெலைய விட எச்சா இருக்கு. வேற வழி?

வெசனப்படாதீங்க, நம்மூர்ல பொறந்ததுக்கு இதுலயாச்சும் ஒரு லாபம் இருக்கட்டும். கோயமுத்தூர்ப் பக்கம் எந்த மோட்டார் ரீவைண்டிங் கடைக்குப் போனாலும் எரிஞ்சுபோன மோட்டார்ல இருந்து உருவுன செம்புக் கம்பி கெடக்கும், பல சைஸுல. மெல்லிசு பிரேக் லைனுக்கு, கொஞ்சம் தடிமன் ஹைட்ராலிக் ஓஸுக்கு. செம்பு நாம வளைச்ச மாதிரியே நிக்கும், நூலு மாதிரி தொங்காது. ஹஃப்பரோட பெரிய ஓஸுக்கு கித்தார் தந்தி, அந்தத் தடிச்ச தந்தி, கம்பி மேல கம்பி சுத்துனது, அச்சு அசலா வரி வரியா இருக்கும். உங்க கம்பெனியிலயே கெடைக்கற மெல்லிசான எலாஸ்டிக் நூலையும் எடுத்து வைங்க, அது ஏரியல் ஒயருக்கு ஆகும், தெரியாம கை பட்டாலும் அறுந்து போகாது. பனியன் வேஸ்ட்டு ஒரு கட்டு, ஏர்பிரஷ் தொடைக்கறதுக்கு, அது இல்லாம எந்த வேலையும் ஓடாது.

ஒட்டறதுக்கு ஒரு கணக்கு இருக்கு. பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும்னா தண்ணி மாதிரி இருக்கற மாடல் சிமென்ட்டு, அது ரெண்டையும் கரைச்சு ஒன்னாக்கிரும், அதனால ரெண்டையும் சேத்துப் புடிச்சுட்டு சந்துல பிரஷை வெச்சா போதும், தானா உள்ள ஓடிரும். செம்புக் கம்பி, ரெசின், மெட்டல் தகடு இதுக்கெல்லாம் அந்த சிமென்ட்டு ஒட்டாது, சூப்பர் க்ளூதான். ஹெட்லைட் கண்ணாடிக்கு மட்டும் சூப்பர் க்ளூவைக் கொண்டுபோயிறாதீங்க, அதோட ஆவி பட்டு வெள்ளையா பனி படர்ந்த மாதிரி ஆயிரும், அதுக்கு சாதா ஃபெவிகால் ஒரு சொட்டு.

சூலூர், ஓய்வு பெற்ற ஒருத்தர்: எங்க ஊருக்கு மேல தினமும் தேஜஸ் பறக்குது. கடற்படைன்னா அமெரிக்காக்காரன் வண்டிதான் செய்யணுமா? நம்ம ஊரு சம்பந்தமா ஏதாவது செய்ய முடியாதா?

ஐயா, நீங்க குடியிருக்கற ஊரே ஒரு காலத்துல கடற்படை ஊருதானுங்க. கடலுக்கும் சூலூருக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க, இரண்டாம் உலகப்போர் சமயத்துல பிரிட்டிஷ் கடற்படையோட விமானப் பிரிவு இங்கதான் வந்து உக்காந்துச்சு. கோயமுத்தூர்ல பீளமேட்டுப் பக்கம் விமான ரிப்பேர் யார்டு, அதுக்குப் பேரு எச்எம்எஸ் கருடா. சூலூர்ல ஓடுபாதை, அதுக்கு 1945ல எச்எம்எஸ் வைரின்னு பேரு. பிரிட்டிஷ் கடற்படையில தரையில இருக்கற தளத்துக்கும் கப்பல் மாதிரியே பேரு வெப்பாங்க, அதனால நம்ம பீளமேடும் சூலூரும் காகிதத்துல ரெண்டு கப்பல். இலங்கைப் பக்கமும் இந்தியப் பெருங்கடல்லயும் சுத்தற விமானந்தாங்கிகளோட பிளேனுக்கு ஜப்பான் குண்டு எட்டாத ஒரு எடத்துல பட்டறை வேணும், மில்லும் பட்டறையும் இருக்கற ஊரா வேணும், கோயமுத்தூர் தோதாப் போச்சு. சண்டை முடிஞ்சதும் அவங்க மூட்டை கட்டிட்டாங்க. கருடாங்கற பேரு மட்டும் பின்னால கொச்சிக்குப் போயி, 1953ல ஐஎன்எஸ் கருடான்னு நம்ம கடற்படையோட விமானத் தளத்துக்கு வந்துச்சு.

அதனால என்ற யோசனை இதுதான். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கடற்படைகிட்ட அமெரிக்காவுல வாங்குன கோர்சேர், ஹெல்கேட் விமானங்க இருந்துச்சு, ரெண்டுக்கும் 1/72ல நல்ல கிட்டு கெடைக்குது. இழுக்கற வண்டிக்கு, ஏர்ஃபிக்ஸ் கம்பெனி போட்ட பாம்பர் ரீ-சப்ளை செட்டுக்குள்ள டேவிட் பிரவுன் ட்ராக்டர் ஒன்னு வருது, அது பிரிட்டிஷ் விமானப் படைக்காரங்க வெச்சிருந்த வண்டி. சூலூர்ல அதே வண்டிதான் ஓடுச்சுன்னு எழுதி ஒட்டாதீங்க, கற்பனைக் காட்சின்னு போட்டுக்குங்க. ஆனா தரையை மட்டும் நெசமா செய்யலாம். திருச்செங்கோட்டுக்காரருக்கு வேண்டாம்னு சொன்ன செம்மண்ணு, வேலிக்காட்டு முள்ளு, பனமரம், இதெல்லாம் உங்களுக்கு உண்டு, இது கப்பல் டெக்கு இல்லையே. உங்க தோட்டத்து மண்ணையே நல்லா சலிச்சு, ஃபெவிகால் தண்ணியில கலந்து பூசுங்க.

இன்னிக்கு இருக்கறது வேணும்னா, கொச்சி ஷிப்யார்டுல கட்டி 2022 செப்டம்பர் 2ல கடற்படையில சேத்த புது விக்ராந்து இருக்கு. தேஜஸோட கடற்படை ரக விமானம் 2023 பிப்ரவரில அது மேல வந்து எறங்குச்சு, உங்க தலைக்கு மேல பறக்கறதோட பங்காளி அது. விக்ராந்து நீளம் 262 மீட்டர், முழுக் கப்பலையும் 1/48ல கட்டணும்னா அஞ்சரை மீட்டர் திண்ணை வேணும், அதனால டெக்குல ஒரு ஓரத்தை மட்டும் ஒரு அடிக்கு ஒரு அடி பலகையில செய்யுங்க. நம்ம கப்பலோட டெக்கு போட்டோவை கடற்படையே அடிக்கடி வெளியிடறாங்க, அதுல தெரியற வண்டியப் பாத்து பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி நீங்களே கட்டுங்க, பெட்டி மாதிரி உருவந்தானே. எம்டி-3 கிட்டை வாங்கி மூவர்ணக் கொடி ஸ்டிக்கரை ஒட்டிட்டு இந்திய வண்டின்னு சொல்றது மட்டும் வேண்டாங்க, அது எனக்கு ஆகாது.

உடுமலை, ஒரு வாசகர்: எங்கூர்ல காத்தாடி சுத்தற காத்துங்க, பெயிண்ட் அடிச்சு வெச்சா அரை மணி நேரத்துல தூசி படிஞ்சு உப்புத்தாள் மாதிரி ஆகுது.

பாலக்காட்டுக் கணவா வழியா வர்ற காத்துக்கு நீங்களும் நானும் என்ன பண்றது, ஆனி ஆடியில ஸ்ப்ரே வேலையே வெச்சுக்காதீங்க, அந்த ரெண்டு மாசம் வெட்டறதும் ஒட்டறதும் தேய்க்கறதும் பாருங்க. அடிச்சே ஆகணும்னா காத்து அடங்கற நேரமாப் பாத்து, குளிக்கற ரூம்ல கொஞ்சம் தண்ணியத் தெளிச்சுட்டு, தூசி எறங்குனப்புறம் அங்க அடிச்சு, உடனே ஒரு பிளாஸ்டிக் டப்பாவக் கவுத்து மூடிருங்க. லேக்கர் பெயிண்டா இருந்தா இந்த ஈரம் ஆகாது, மேல வெள்ளை பூத்துக்கும், அக்ரிலிக்னா பரவால்ல. சித்திரை வெயில்ல இதுக்கு நேர் எதிர், ஏர்பிரஷ் முனையிலயே பெயிண்ட் காஞ்சு அடைச்சுக்கும், அதுக்கு ரிடார்டர்னு ஒன்னு விக்குது, ரெண்டு சொட்டு விட்டுக்குங்க.

தாராபுரம், ஒரு டீச்சர்: கிட்டுல டோ பார் தரல. எவ்ளோ நீளத்துக்கு வெட்டணும்?

டோ பார்ங்கறது பிளேனையும் ட்ராக்டரையும் சேக்கற இழுவைக் கம்பி. நெசத்துல அமெரிக்கக் கப்பல்ல இருக்கறது 8 அடி, 15 அடி, 20 அடின்னு பல நீளத்துல வரும். அதை சென்டிமீட்டராக்கி அளவால வகுத்துக்குங்க. 15 அடி 1/48ல ஒன்பதரை சென்டிமீட்டர், 1/72ல ஆறே கால் கிட்ட வரும், பசங்களுக்கு கணக்குப் பாடமாவே குடுக்கலாம் டீச்சர். ஊசி மருந்து போடற ஊசி இருக்குதுங்களே, புதுசா, முனையை வெட்டிப் போட்டுட்டு அந்தக் குழாயை வெச்சு செஞ்சா வளையாம நேரா நிக்கும். பிளேன் பக்கத்துல சக்கரத்து அச்சுல மாட்டற மாதிரி ரெண்டு கவ்வை, ட்ராக்டர் பக்கத்துல கொக்கிக்கு வளையம். டெக்குல கட்டற சங்கிலிக்கு கவரிங் கடையில இருக்கறதுலயே பொடி செயின் கேளுங்க.

கோபி, ஒரு பாட்டி: பேரன் ரூமைச் சாத்திக்கிட்டு ஒட்டறான், ஒரே நாத்தம். ஒடம்புக்கு ஆகுமா சாமி?

ஆகாதுங்கம்மா. கதவைத் தொறந்து வெச்சு, ஜன்னலைப் பாத்து ஃபேன் போட்டு ஒட்டச் சொல்லுங்க. ஸ்ப்ரே அடிக்கறப்ப துணி மாஸ்க் பத்தாது, பெயிண்டருங்க போடற கார்பன் ஃபில்டர் வெச்ச மாஸ்க் வேணும். பிளேடை மொட்டையாகறதுக்கு முன்னாடியே மாத்தச் சொல்லுங்க, மொட்டை பிளேடுதான் கையக் கிழிக்கும், அழுத்தி இழுப்பான்ல.

நாமக்கல், லாரி ஆபீஸ்ல வேலை: எல்லாம் நல்லா வந்துச்சு, கடைசியில டீக்கால் ஒட்டுனா சுத்தி கண்ணாடிப் பேப்பர் மாதிரி பளபளன்னு தெரியுது. எல்லாம் போச்சுங்களா?

போகலீங்க. மங்கலான பெயிண்ட் மேல நேரா ஒட்டிட்டீங்க. மங்கல் பெயிண்ட்னா கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம், டீக்காலுக்கு அடியில காத்து மாட்டிக்கிச்சு, அதுதான் வெள்ளிமாதிரி மின்னுது. ஊசி முனையில அந்த டீக்கால் மேல அங்கங்க குத்திவிட்டு, டீக்கால் இளக்கற சொல்யூஷன் ஒரு பிரஷ் தொட்டு வைங்க. சுருங்கி அசிங்கமாத் தெரியும், பயந்துகிட்டு கைய வெச்சுறாதீங்க, காயறப்ப தானா படிஞ்சுக்கும். பத்தலீன்னா மறுநாள் இன்னொருக்கா. அடுத்த வண்டியில மொதல்ல பளபளப்பு வார்னிஷ் அடிச்சு, ஒரு நாள் காய விட்டு, அது மேல டீக்கால் ஒட்டி, அப்புறமேலுக்கு எல்லாத்துக்கும் மேல மங்கல் வார்னிஷ் ஒரு கை அடிச்சுருங்க. எச்சரிக்கை எழுத்தெல்லாம் பொடிசா ஏழெட்டு இருக்கும், ஒரே மூச்சுல ஒட்டாதீங்க, ஒரு பக்கம் காஞ்சதுக்கப்புறம் மறுபக்கம் திருப்புங்க.